டிஸ்க்கில் இடம் இருக்கிறது, சர்வர் ஏன் எழ மறுக்கிறது?

அலோர் காஜா வட்டாரத் தோட்டக் கோயில்களில் திருவிழா அன்னதானம் நடக்கும்போது சமையல்கட்டைப் பாருங்கள். தலைமைச் சமையல்காரர் ஒருவர், அவர் சொல்படி ஓடியாடும் கைகள் பல. 1995 முதல் இணையப் பக்கங்களைப் பரிமாறிவரும் அப்பாச்சி சர்வரின் உள்ளேயும் இதே ஏற்பாடுதான்.

முதலில் தலைமை புரோகிராம் எழும். பிறகு அது உதவியாளர்களைக் கிளப்பும். யார் கை ஓய்வாக இருக்கிறது என்று தலைவருக்குத் தெரிய வேண்டும். அதற்காகச் சுவரில் எல்லாரும் எழுதும் ஒரு பலகை. அதுதான் பகிர்வு மெமரி. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே வேலையில் கைவைக்கக் கூடாது. அதனால் ஒரு சாவி. அது யார் கையில் இருக்கிறதோ அவருக்கே முறை. இதுதான் செமஃபோர்.

சாவியைக் கொடுப்பது கோயில் நிர்வாகம், அதாவது கெர்னல். சமையல்காரர் முறையாக விடைபெற்றால் சாவி திரும்பிவிடும். 'கில் மைனஸ் நைன்' போட்டுச் சட்டென்று வெளியே தள்ளினால் சாவி அவர் பெயரிலேயே நின்றுவிடும். பழைய லினக்ஸில் இப்படி 128 சாவிக்கொத்துகளுக்குத்தான் கணக்கு. 2015-இல் வந்த 3.19 கெர்னலில் அது 32,000 ஆனது. கணக்கு தீர்ந்தபின் அப்பாச்சியை மறுபடி கிளப்பினால், 'சாதனத்தில் இடமில்லை' என்ற பிழை வரும். உடனே எல்லாரும் டிஸ்க்கைத் துழாவுவார்கள். அங்கே தாராளமாக இடம் இருக்கும். இல்லாதது சாவி! இந்தப் பிழைச் செய்தி எத்தனையோ பேரின் இரவுத் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது.

ஆகவே, முதலில் பழைய அப்பாச்சி எதுவும் ஓடவில்லை என்று உறுதிசெய்யுங்கள். பிறகு 'ஐபிசிஎஸ் மைனஸ் எஸ்' கட்டளை கொடுங்கள். செமஃபோர் பட்டியல் வரும். உரிமையாளர் இடத்தில் அப்பாச்சியின் பயனர் பெயர் உள்ளவற்றை மட்டும் 'ஐபிசிஆர்எம் மைனஸ் எஸ்' போட்டு, எண் கொடுத்து நீக்குங்கள். டேட்டாபேஸின் சாவியும் அதே பட்டியலில் தொங்கலாம். அதைத் தொட்டால் அந்த வேலை குலையும். பகிர்வு மெமரியைப் பார்க்க 'ஐபிசிஎஸ் மைனஸ் எம்'. அதில் 'என்அட்ச்' பூஜ்யம் என்றால் அதை இப்போது யாரும் பிடித்திருக்கவில்லை என்று பொருள்.

மெஷினை ரீபூட் செய்தாலும் சாவிகள் திரும்பிவிடும். ஆனால் அதில் ஓடும் மற்ற எல்லாமும் நிற்கும். எனவே அது கடைசி வழி.

அப்பாச்சி எழுந்ததும், இரவில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்களைத் திறந்து பாருங்கள். எங்காவது அப்பாச்சிக்கு 'கில் மைனஸ் நைன்' இருந்தால், அந்த இடத்தில் அதை முறையாக விடைபெறச் செய்யும் 'கிரேஸ்ஃபுல் ஸ்டாப்' என்று மாற்றிவிடுங்கள்.