எண்கள் பேசின, நீதிமன்றம் செவிசாய்க்கவில்லை: மெக்கிளெஸ்கி வழக்கு

சமத்துவ உரிமை மீறப்பட்டதாக நீதிமன்றத்தை அணுகும் ஒருவர் எதை மெய்ப்பிக்க வேண்டும்? பாகுபாட்டின் விளைவை மெய்ப்பித்தால் போதுமா, அல்லது அதிகாரத்தில் இருப்பவரின் மனத்தில் பாகுபாட்டு நோக்கம் இருந்ததையும் மெய்ப்பிக்க வேண்டுமா? இக்கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987 ஏப்ரல் 22 அன்று அளித்த விடையே 'மெக்கிளெஸ்கி எதிர் கெம்ப்' தீர்ப்பு.

வாரன் மெக்கிளெஸ்கி ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த கறுப்பினத்தவர். 1978-இல் அட்லாண்டாவில் ஒரு மரச்சாமான் கடையில் நடந்த கொள்ளையின்போது வெள்ளையினக் காவலர் ஒருவரைச் சுட்டுக் கொன்றதாகக் குற்றம் தீர்க்கப்பட்டு, அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஜூரிகள் 12 பேரில் 11 பேர் வெள்ளையர்.

பின்னர் கூட்டாட்சி நீதிமன்றங்களில் அவர் தாக்கல் செய்த ஆட்கொணர்வு மனுவின் முதன்மைச் சான்று, பேராசிரியர் டேவிட் பால்டஸ் குழுவினரின் ஆய்வு. 1970-களில் ஜார்ஜியாவில் நடந்த 2,000-க்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை அக்குழு ஆராய்ந்தது. கொல்லப்பட்டவர் வெள்ளையர் எனில் 11 விழுக்காடு வழக்குகளில் மரண தண்டனை. கறுப்பினத்தவர் எனில் 1 விழுக்காடு மட்டுமே. இனம் சாராத 39 காரணிகளைக் கணக்கில் கொண்ட பின்னரும், வெள்ளையரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் மரண தண்டனை பெறும் வாய்ப்பு 4.3 மடங்காக இருந்தது. எவரது உயிருக்கு என்ன விலை என்பதை இவ்வெண்கள் சொல்லின.

ஆய்வு செல்லத்தக்கது என்றே வைத்துக்கொண்டு, உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் மனுவை நிராகரித்தது. நீதிபதி லூயிஸ் பவல் எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: 14-ஆம் திருத்தத்தின் சமப் பாதுகாப்பைக் கோருபவர், தம் வழக்கில் முடிவெடுத்தவர்கள் பாகுபாட்டு நோக்குடன் செயல்பட்டதை மெய்ப்பிக்க வேண்டும், பொதுவான புள்ளிவிவரம் அதற்குப் போதாது. இவ்வாதத்தை ஏற்றால் பிற தண்டனைகளும் கேள்விக்குள்ளாகும் என்றும், இத்தகைய தரவுகளைச் சட்டமன்றங்களிடம் முன்வைப்பதே பொருத்தம் என்றும் அவர் கூறினார். நீதி அளவுக்கு மீறிக் கிடைத்துவிடுமோ என்ற அச்சமே இது என மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி பிரென்னன் சாடினார்.

பிரென்னனின் சாடல் நியாயமானது என்றே நாம் கருதுகிறோம். பாகுபாடு காட்டும் எவரும் அதை எழுதி வைத்துக் கையொப்பமிடுவதில்லை. தனித்தனி வழக்குகளில் மறைந்திருப்பது, நூற்றுக்கணக்கான வழக்குகளை அருகருகே வைக்கும்போதுதான் வெளிப்படுகிறது. அந்தச் சான்றை வாயிலிலேயே தடுத்துவிட்டு, நோக்கத்தை மெய்ப்பி என்பது இயலாததைக் கேட்பதாகும்.

மெக்கிளெஸ்கி 1991 செப்டம்பர் 25 அன்று மின்நாற்காலியில் கொல்லப்பட்டார். ஓய்வு பெற்ற பின் பவல், வாய்ப்பிருந்தால் அவ்வழக்கில் தம் வாக்கை மாற்றிக்கொள்வேன் எனத் தம் வரலாற்றாசிரியரிடம் கூறினார். 5-4 தீர்ப்பில் அந்த ஒரு வாக்கே ஓர் உயிர்.

போராட்டம் சட்டமன்றங்களுக்கு நகர்ந்தது. கென்டக்கி 1998-இலும் வட கரோலினா 2009-இலும் இனநீதிச் சட்டம் இயற்றின. வட கரோலினா அதனை 2013-இல் திரும்பப் பெற்றது. கலிபோர்னியாவின் 2020-ஆம் ஆண்டுச் சட்டமோ, பாகுபாட்டு நோக்கத்தை மெய்ப்பிக்கத் தேவையில்லை என வெளிப்படையாகவே அறிவித்தது.

இக்கேள்வி நமக்கும் அந்நியமானதன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(2)-இன் ஐந்தாம் உட்கூறு, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் 'என்ற காரணத்தால்' குற்றம் நிகழ்ந்ததை மெய்ப்பிக்கக் கோரியது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், 'என அறிந்து' செய்திருந்தாலே போதும் என்றாக்கியது. ஒரு சொல் மாறியதில் மெய்ப்பிக்கும் சுமையே மாறியது.

ஆகவே, ஒரு சமத்துவச் சட்டத்தைப் படிக்கும்போது நாம் முதலில் கேட்க வேண்டியது, அது எந்த உரிமையை வழங்குகிறது என்பதை மட்டுமன்று. அவ்வுரிமை மீறப்பட்டதை மெய்ப்பிக்கும் சுமையை யார் தோளில் ஏற்றுகிறது என்பதையும்தான்.