சாயத் தண்ணீருக்கு நானோ பொடியா, மனுவா?

தென்னேரிப் பக்கத்திலிருந்து என்னிடம் வருகிறவர்கள் பலர் கையில் ஒரு குளிர்பான பாட்டில். அடியில் பழைய சர்க்கரைப் பிசுக்கு, மேலே சாயக் கழிவால் நிறம் மாறிய கால்வாய்த் தண்ணீர். "இதை டெஸ்ட் பண்ணிக் கொடுங்க சார்." அந்தத் தண்ணீர் எந்த வழக்கிலும் நிற்காது. இப்போது கூடவே இன்னொரு கேள்வி: "நானோ பொடி போட்டா சாயம் போயிடுமாமே, ஏரியில போடலாமா?"

போடாதீர்கள். டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற வினையூக்கி நானோ பொடி சாய மூலக்கூறை உடைப்பது உண்மை. அதற்குப் புற ஊதா ஒளி வேண்டும். வெயிலில் அது சுமார் 5 விழுக்காடுதான். கிராபீன் சேர்த்தால் சாதாரண வெளிச்சத்திலும் வேலை நடக்கும். இரும்பு ஆக்சைடு சேர்த்தால் பொடியைக் காந்தத்தால் திரும்ப எடுக்கலாம். அத்தனையும் சாய ஆலைக்குள், தொட்டிக்குள் நடக்கவேண்டிய வேலை. கலங்கிய ஏரியில் ஒளி உள்ளே இறங்காது. கொட்டிய பொடியை யார் அள்ளுவது?

நிறம் போனால் நஞ்சும் போனதாக நினைக்காதீர்கள். அசோ சாயம் பாதியில் உடைந்தால் அரோமேட்டிக் அமீன்கள் மிஞ்சலாம். அவற்றில் சில புற்றுநோய் தருபவை. "தண்ணி தெளிவாத்தானே இருக்கு" என்று சொல்லும் அதிகாரியிடம் சிஓடி (வேதி ஆக்சிஜன் தேவை) அளவைக் கேளுங்கள்.

இனி வழி. கழிவு ஓடும்போதே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குப் போன் செய்யுங்கள். அன்றே பதிவு வசதியுள்ள ஸ்பீடு போஸ்ட்டில், டெலிவரிச் சான்றோடு, மனு. நாள், நேரம், கால்வாயின் சர்வே எண், கழிவு எந்த வாயிலிலிருந்து வருகிறது: நான்கும் இருக்கட்டும். "தண்ணீர் கெட்டுவிட்டது" என்று மட்டும் எழுதினால் அது கோப்பில் தூங்கும். 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் 21-ஆம் பிரிவுப்படி மாதிரி எடுக்கக் கேளுங்கள்: ஆலைக்கு நோட்டீஸ் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, கையெழுத்தோடு. உங்கள் பாட்டில் சாட்சியம் ஆகாது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் இல்லையா? 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். ஆய்வறிக்கை, மாதிரி முடிவு, ஆலைக்கு வாரியம் தந்த இசைவாணை நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும்.

அதற்கும் அசையாவிட்டால் சென்னை சேப்பாக்கம் கலச மஹாலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். கெடு, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம்; தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். இழப்பீட்டுக்கு 5 ஆண்டு. அதிகாரி "பார்க்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த ஆறு மாதம் கரைகிறது. திரும்பவும் சொல்கிறேன், ஆறு மாதம். முதல் மனுவின் டெலிவரிச் சான்றைப் பத்திரமாக வையுங்கள்.