"டிஸ்சார்ஜ் புக் எங்கே ஐயா?"

டிசம்பர் 7 என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? உண்டியல் குலுங்கும். காசு போட்டால் சட்டையில் ஒரு சின்னக் கொடியைக் குத்திவிடுவார்கள். 1949 முதல் நடந்துவரும் கொடிநாள் அது. அந்தப் பணம் போய்ச்சேர வேண்டியவருக்குப் போகிறதா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

செங்கல்பட்டு ரயில் நிலையத்திலோ, மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டிலோ சுருண்டு படுத்திருக்கும் ஒரு பெரியவர், "நான் மிலிட்டரியிலே இருந்தவன் தம்பி" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "மிலிட்டரிக்காரருக்குத்தான் பென்ஷன் வருமே, இவரு ஏன் இங்கே கிடக்கிறாரு?" என்று நினைத்தபடி நகர்ந்துவிடுவோம். இந்தக் கேள்விக்கு விடை தேடுவோம்.

பென்ஷன் எல்லோருக்கும் உண்டா?

இல்லை நண்பர்களே! சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமானால் பொதுவாக 15 ஆண்டு சர்வீஸ் முடித்திருக்க வேண்டும். குடும்பக் கஷ்டம் என்று பத்தாம் ஆண்டில் விலகி வந்தவருக்குக் கிடையாது. பென்ஷன் உள்ளவரும் ஆண்டுதோறும் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுத்தாக வேண்டும். வீட்டை விட்டு ஊர் ஊராய்த் திரிபவர் எங்கே போய்க் கொடுப்பார்? பென்ஷன் நின்றுவிடும்.

உதவி இருக்கிறது, ஆனால்...

பென்ஷன் இல்லாத, 65 வயது கடந்த, ஹவில்தார் பதவி வரையிலான முன்னாள் வீரர்களுக்குக் கொடிநாள் நிதியைச் சேர்ந்த ஒரு நிதியிலிருந்து மத்திய அரசு மாத உதவி தருகிறது. ரூ.4,000 ஆக இருந்ததை 2025 நவம்பர் முதல் வரும் மனுக்களுக்கு ரூ.8,000 ஆக்கியிருக்கிறார்கள். மனுவை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் பரிந்துரைக்க வேண்டும்.

அங்கே முதல் கேள்வியே, "டிஸ்சார்ஜ் புக் எங்கே ஐயா?" என்பதுதான். அது இருந்தால்தான் அடையாள அட்டை. அடையாள அட்டை இருந்தால்தான் மனு. அந்தப் புக் இருந்தது வீட்டு டிரங்குப் பெட்டியில். வீடு போனால் பெட்டி போச்சு, பெட்டி போனால் புக் போச்சு! 2004 சுனாமியும் 2015 வெள்ளமும் பார்த்த மாவட்டம் நம்முடையது. தண்ணீர் காகிதத்தை என்ன செய்யும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டுமா? ஆக, யாருக்கு உதவி அதிகம் தேவையோ அவர் கையில்தான் காகிதம் இல்லை.

வெளிநாட்டில் என்ன செய்தார்கள்?

அமெரிக்காவில் வியட்நாம் போருக்குப் போய் வந்தவர்கள் பலர் தெருவில் கிடந்தார்கள். 1988இல் சான் டியாகோ நகரில் ஒரே மைதானத்தில் மூன்று நாள் முகாம் போட்டார்கள். டாக்டர், வக்கீல், அரசு ஊழியர், துணிமணி, சாப்பாடு எல்லாம் ஒரே இடத்தில்! பின்னர் அரசே வாடகை உதவியும் கூடவே ஆலோசகரும் கொடுத்தது. வீடற்ற முன்னாள் வீரர்கள் 2010இல் சுமார் 74,000 பேர். 2024இல் சுமார் 33,000 பேர்.

நம் ஊரிலும் முன்னாள் படைவீரர்களுக்கென்று கலெக்டர் தலைமையில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. ஆனால் அவர்தான் அங்கே வர வேண்டும். முகாம் அவரைத் தேடி பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் என்ன?

நாம் என்ன செய்யலாம்?

முதலில் மூன்று விவரம் கேட்போம்: படை எண், ரெஜிமெண்ட், சேர்ந்த வருடம். புக் தொலைந்ததாகப் போலீசில் புகார் எழுதித் தந்து ரசீது வாங்குவோம். அதை நல அலுவலகத்தில் கொடுத்தால் அங்கிருந்து ரிக்கார்ட் ஆபீசுக்கு எழுதுவார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. அவருடைய சர்வீஸ் விவரம் அங்கே பதிவில் இருக்கும்.

வீட்டு முகவரி இல்லையா? வாக்காளர் பட்டியலில் சேர அது தடையில்லை. வாக்குச்சாவடி அலுவலர் இரவில் நேரில் வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்த்தால் போதும் என்பதே தேர்தல் ஆணையத்தின் விதி.

"அவர் சொல்றது பொய்யா இருந்தா?" என்று ஒரு நண்பர் கேட்கலாம். இருக்கட்டுமே! அப்போதும் அவர் ஆதரவற்ற முதியவர்தானே? தாலுகா ஆபீசில் முதியோர் உதவித்தொகைக்கு மனு போடுவோம்.

நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கென்று ஒதுக்கினால் போதும். பெரிய பணம் தேவையில்லை. மனு எழுத ஒரு பேனா, ஆபீஸ் வரை கூடவே வர ஓர் ஆள். எல்லையில் நமக்காக நின்றவருக்காக நாம் ஒரு கவுண்டரில் நிற்க மாட்டோமா?