மேகச் சேமிப்பின் விலையை ஒப்பிடும் முறை

திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே காதங்கி என்னும் சிற்றூரில், மத்திய அரசின் விண்வெளித் துறையைச் சார்ந்த தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடம் அமைந்துள்ளது. 53 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் இயங்கும் அதன் ராடார் 1,024 ஆண்டெனாக்களைக் கொண்டு மேல்வானின் காற்றோட்டத்தை அளந்தறிகிறது. சற்றுத் தொலைவிலுள்ள கங்காதர நெல்லூர் போன்ற ஊர்களிலோ மழைமானியின் எளிய கணக்கே முக்கியமானது. இவ்விரண்டுக்கும் ஒரு பண்பு பொது. இன்று வீசிய காற்றையும் இன்று பெய்த மழையையும் நாளை மீண்டும் அளக்க இயலாது. ஆகவே, அளத்தலுக்கு இணையான கடமை, அளந்ததைக் காத்தல்.

இவ்வாறு காப்பதற்கு இந்நாளில் பல நிலையங்கள் நாடும் வழி, மேகச் சேமிப்பு எனப்படுவதாகும். பெயர் மேகமாயினும், தரவு தங்குவது தரைமேல் உள்ள கட்டடங்களின் வட்டுகளிலும் நாடாக்களிலுமேயாம். அமேசான் நிறுவனம் 2006-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இச்சேவையைத் தொடங்கியபோது, ஒரு ஜிகாபைட்டுக்கு மாதம் 15 சென்ட் வாடகை விதித்தது. 2024-இல் அதன் வட வர்ஜீனியா நிலையத்தில் அவ்வாடகை 2.3 சென்டாக இருந்தது. அரிதாக எடுக்கப்படும் தரவுக்கென அமைந்த ஆழ்காப்பகத்திலோ 0.099 சென்டே. விலை இத்துணை தாழ்ந்தபின், ஒப்பிட இன்னும் என்ன உளது எனத் தோன்றலாம்.

வாடகையும் கூலியும்

சித்தூர் மண்டியில் வெல்லம் சேர்த்து வைக்கும் வியாபாரி, கிடங்கின் வாடகையை மட்டும் பார்ப்பதில்லை. ஏற்றுகூலி, இறக்குகூலி, வண்டிச் சத்தம் ஆகியவற்றையும் கூட்டிப் பார்க்கிறார். மேகச் சேமிப்பிலும் இவையெல்லாம் உண்டு. 1,000 ஜிகாபைட் தரவை ஓராண்டு வைத்து, ஒருமுறை முழுவதும் வெளியே எடுப்பதாகக் கொள்வோம். 2024-இல் இரு நிறுவனங்களும் அமெரிக்க நிலையங்களுக்கு வெளியிட்டிருந்த விலைப்படி கணக்கு வருமாறு:

அமேசான் ஆழ்காப்பகம்: வாடகை 11.88 டாலர், மீட்புக் கட்டணம் 20 டாலர், வெளியே அனுப்பும் கட்டணம் 81 டாலர். ஆக 112.88 டாலர்.

கூகிள் காப்பகம்: வாடகை 14.40 டாலர், மீட்புக் கட்டணம் 50 டாலர், வெளியே அனுப்பும் கட்டணம் 120 டாலர். ஆக 184.40 டாலர்.

(அமேசானில் மாதத்தின் முதல் 100 ஜிகாபைட்டை வெளியே அனுப்புவதற்குக் கட்டணமில்லை, அது கழிக்கப்பட்டுள்ளது.)

வாடகையில் வேற்றுமை மூன்று டாலருக்கும் குறைவு. மொத்தத்திலோ எழுபது டாலருக்கும் மேல். அன்றியும், அமேசானில் ஒருமுறை மீட்கும் செலவு எட்டாண்டு வாடகையினும் மிகுதி. எனினும் விலை குறைந்ததே சிறந்தது என முடிவு செய்தல் ஆகாது. கூகிள் காப்பகத்தில் தரவு கேட்டவுடன் கிடைக்கிறது. ஆழ்காப்பகத்தில் 12 மணி நேரம் வரை காத்திருக்க நேரும். புயல் எச்சரிக்கைக்குப் பழைய பதிவு தேவைப்படும் நிலையத்துக்கு அக்காலம் நீண்டதாகும். ஆண்டறிக்கை எழுதுவோர்க்கு அது ஒரு பொருட்டன்று.

மற்றொரு நிபந்தனையும் கருதத்தக்கது. ஆழ்காப்பகத்தில் 180 நாளும், கூகிள் காப்பகத்தில் 365 நாளும் குறைந்தபட்சக் காலம். அதற்குமுன் அழித்தாலும் வாடகை முழுவதும் செலுத்தவேண்டும்.

சிறு கோப்புகளின் பெருஞ்செலவு

மழைப் பதிவு வைப்போர்க்கு இது இன்றியமையாதது. ஆழ்காப்பகத்தில் கோப்புகளை இடுவதற்கு ஆயிரத்துக்கு 5 சென்ட் கட்டணம். நாளொரு கோப்பாகப் பல ஊர்களின் பதிவு 10 லட்சம் கோப்புகளாகச் சேர்ந்துவிடின், அவற்றை உள்ளே இடுவதற்கே 50 டாலர் ஆகும். அதே பதிவை மாதவாரியாக ஒரே பொதியாகக் கட்டி அனுப்பினால் இச்செலவு ஏறத்தாழ மறைந்துவிடும்.

ஒப்பிடுமுன் கேட்கவேண்டியவை

பட்டியலைப் பார்க்குமுன் நிலையத்தார் தம்மைத் தாமே நான்கு வினாக்கள் கேட்டுக்கொள்ளுதல் நலம். தரவின் அளவு எவ்வளவு? ஆண்டில் எத்தனைமுறை எடுக்கப்படும்? எத்தனை மணி நேரம் காத்திருக்கலாம்? எத்தனை ஆண்டு வைக்கவேண்டும்? இவற்றுக்கு விடை கண்டபின், தம் அருகிலுள்ள நிலையத்தின் அன்றைய விலையை எடுத்துக் கணக்கிடல் வேண்டும். ஏனெனில் மும்பையின் விலையும் வர்ஜீனியாவின் விலையும் ஒன்றல்ல. அரசு அலுவலகங்களுக்கு, 2014-இல் தேசியத் தகவலியல் மையம் தொடங்கிய தேசிய மேகமும் உளது.

பள்ளிகளில் இக்கணக்கை ஒரு பெருக்கல் பயிற்சியாகவே ஆசிரியர் கொடுக்கலாம். வைப்பதற்கு மலிவாகவும் எடுப்பதற்கு அரிதாகவும் உள்ள காப்பகத்தில், தேவையறியாது இடப்பட்ட பதிவு, செலவுக்கு அஞ்சி எவராலும் திறக்கப்படாமற் போகும். படிக்கப்படாத அளவீடு அளக்கப்படாததற்கே ஒப்பாகும்.