சுரங்கம் மூடியது, சிநேகம் மூடவில்லை!

கோலார் தங்கவயலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊர் இருப்பது கர்நாடக மாநிலத்தில். ஆனால் அங்கே கடைத்தெருவில் நடந்து பாருங்கள். காதில் விழுவது பெரும்பாலும் தமிழ்! அந்தக் காலத்தில் வட ஆற்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர்களின் பேரன் பேத்திகள் அவர்கள்.

அந்த ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மணப்பெண்ணின் தாத்தா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பந்தலில் ஒரு மூலையில் வயதானவர்கள் நாலைந்து பேர் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஒரே 'ஷிப்ட்'டில் வேலை செய்தவர்களாம். நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

பாதாள லோகம்

1880-ல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கம்பெனி அங்கே தங்கம் எடுக்கத் தொடங்கியது. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து அந்த ஊருக்கு மின்சாரம் வந்துவிட்டது. பெரிய நகரங்களிலேகூடப் பல வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலம் அது! வெள்ளைக்காரத் துரைகளின் பங்களாக்களையும் கிளப்புகளையும் பார்த்து 'சின்ன இங்கிலாந்து' என்று அந்த ஊரை அழைத்தார்கள். தொழிலாளிகளுக்கோ வரிசை வரிசையாகச் சின்னஞ்சிறு 'லைன்' வீடுகள்.

சுரங்கம் போகப் போக ஆழமாயிற்று. சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோ மீட்டருக்கும் அதிகம். அடியில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். 1965-ல் காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்னும் நுண்ணிய துகள்களை விஞ்ஞானிகள் பதிவு செய்ததும் இந்தப் பாதாளத்தில்தான்.

"கேஜில் ஏறி நின்றால் கயிற்றை விடுவார்கள். வயிறு தொண்டைக்கு வந்துவிடும். மேலே வந்து சூரியனைப் பார்த்தால்தான் அன்றைக்கு உயிரோடு இருக்கிறோம் என்று அர்த்தம்" என்றார் ஒருவர்.

திடீரென்று பாறை வெடித்துச் சிதறும். 'ராக் பர்ஸ்ட்' என்று அதற்குப் பெயர். "பக்கத்தில் இருப்பவன் என்ன ஜாதி, என்ன மதம் என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். அவன் கைதான் நமக்கு உயிர்" என்றார் இன்னொருவர்.

கதவு அடைத்த நாள்

சுமார் 120 ஆண்டுகளில் அந்த மண்ணிலிருந்து ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. 1956-ல் சுரங்கங்கள் சர்க்கார் கைக்கு வந்தன. 1972-ல் 'பாரத் கோல்டு மைன்ஸ்' என்ற கம்பெனி ஏற்பட்டது. ஆனால் பூமிக்குள் நல்ல தங்கப் பாறை குறைந்துகொண்டே வந்தது. கிடைக்கும் தங்கத்தின் விலையைவிட அதை எடுக்க ஆகும் செலவு அதிகமாயிற்று. 2001-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதியோடு சுரங்கங்கள் மூடப்பட்டன.

"மறுநாள் காலையில் வழக்கம்போல் எழுந்து குளித்தேன். சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டேன். 'எங்கே போகிறீர்கள்?' என்று வீட்டுக்காரி கேட்டாள். அப்போதுதான் நினைவு வந்தது, போக இடமில்லை என்று!" இதைச் சொன்னவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

பிறகு என்ன ஆயிற்று?

ஒவ்வொருவர் கதையும் ஒவ்வொரு மாதிரி.

ஒருவர் பெங்களூரில் காவல்காரர் வேலைக்குப் போனார். மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயில் ஏறினால் வீடு திரும்ப இரவாகிவிடும். போக வர சுமார் 200 கிலோ மீட்டர்! அவர் மட்டுமா? இன்றும் தங்கவயலிலிருந்து தினந்தோறும் ஆயிரக்கணக்கானோர் அப்படித்தான் பெங்களூருக்குப் போய் வருகிறார்கள். "என் பையன் என்னைப் பார்த்ததே ஞாயிற்றுக்கிழமைகளில்தான்" என்றார் அவர்.

இன்னொருவர் கையில் வந்த பணத்தைப் போட்டு மளிகைக் கடை வைத்தார். ஊரெல்லாம் வேலையிழந்து நிற்கிறது. யாரிடம் கடனைத் திருப்பிக் கேட்பது? இரண்டே வருஷத்தில் கடையை மூடிவிட்டார். அப்புறம் குடும்பத்தைக் காப்பாற்றியது அவருடைய மனைவியின் தையல் மெஷின்!

அந்த அம்மாளும் பக்கத்தில்தான் இருந்தார். "பணம் வந்த அன்றைக்கே வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பாதியைத் தபாலாபீஸில் போடச் சொல்லியிருப்பேன். கேட்டால்தானே?" என்றார். கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

வேறொருவர் வரவில்லை. சுரங்கத் தூசி அவருடைய நெஞ்சுக்குள் தங்கிவிட்டது. நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். சாப்பாடு முடிந்ததும் எல்லோருமாக அவர் வீட்டுக்குப் போவது என்று பேசிக்கொண்டார்கள்.

இரண்டு சிநேகிதர்கள்

இந்தச் சமயத்தில் பந்தல் வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். கையில் ஒரு பை. வட்டத்தில் பேச்சு சட்டென்று நின்றது. பெண்ணின் தாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விஷயம் இதுதான். அவர்கள் இருவரும் பத்தொன்பது வருஷம் ஒன்றாகப் பாறையில் துளை போட்டவர்கள். சுரங்கம் மூடப்படுவதற்கு இரண்டு வருஷம் முன்பே வந்தவர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு குடியாத்தம் பக்கம் போய்விட்டார். "எல்லோரும் சேர்ந்து நின்றால் சுரங்கத்தைக் காப்பாற்றலாம் என்று போராடினோம். இவன் எங்களை விட்டுவிட்டு ஓடினான்" என்பது தாத்தாவின் கோபம். அன்று முதல் பேச்சு வார்த்தை இல்லை. பெரியவரின் மனைவி இறந்தபோதுகூட இவர் போகவில்லை.

அப்படியானால் கல்யாணப் பத்திரிகை அனுப்பியது யார்? பாட்டிதான்! தாத்தாவுக்குத் தெரியாமல் பேரனிடம் விலாசம் எழுதச் சொல்லித் தபாலில் சேர்த்துவிட்டார்.

பெரியவர் மெதுவாக உள்ளே வந்தார். "நான் உட்காரவில்லை. குழந்தையை ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போகிறேன்" என்றார்.

பாட்டி எழுந்தார். கணவரைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பாறை சரிந்த அன்றைக்கு உங்கள் காலை இழுத்து வெளியே போட்டது யார் கை? அன்று அவர் ஓடியிருந்தால் இன்றைக்கு இந்தப் பேத்தி ஏது, இந்தக் கல்யாணம் ஏது?"

பந்தலே அமைதியாயிற்று. தாத்தா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு எழுந்து போய், வந்தவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"உன் சம்சாரம் போனபோது நான் வந்திருக்க வேண்டும்" என்றார்.

"என் பெண்ணுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கையில் காலணா கிடையாது. அதனால்தான் கையெழுத்துப் போட்டேன். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது" என்றார் மற்றவர்.

"அட பைத்தியக்காரா! சொல்லியிருக்கக் கூடாதா? சரி, வா. பந்தி ஆரம்பிக்கப் போகிறது."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதிகம் பேசவில்லை. பாயசத்தைத் தாத்தாவே வாங்கி அவர் இலையில் ஊற்றினார்.

மாலையில் எல்லோரும் நோயாளி நண்பரின் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். வழியில் சயனைடு மண் மேடுகள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண் அது. "தங்கம் போய்விட்டது, மண்தான் நமக்கு மிச்சம்" என்றார் ஒருவர். "நாம் இருக்கிறோமே!" என்றார் தாத்தா.

பெரிய கம்பெனி என்றால் என்றைக்கும் இருக்கும் என்று நினைக்கிறோம். நூறு வருஷச் சுரங்கமே மூடிப்போயிற்று. ஆகவே வேலையை விட்டு வரும்போது கையில் கிடைக்கும் பணத்தைப் பற்றி வீட்டில் உள்ளவர்களிடம் கலந்து பேசுங்கள். அவசரப்பட்டு முழுவதையும் ஒரே தொழிலில் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. பத்து, இருபது வருஷம் தோளோடு தோள் நின்று உழைத்தவர் ஒருவரோடு உங்களுக்கு மனஸ்தாபம் இருக்கிறதா? அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா? ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். அவரும் வீட்டில்தான் இருப்பார்.