இதனால என்ன யூஸ்?

ஒலக்கூர் ஸ்டேஷன்ல இறங்கி எங்க வீட்டுக்கு நடந்தா வழியில ஒரு மல்லாட்டைக் கொல்லை வரும். அதுல ஒரு பொம்மை நிக்குது. குச்சிக் கை, கவுத்துப் போட்ட பானைத் தலை, சுண்ணாம்புல முறுக்கு மீசை. இந்த வருஷம் அதுக்குக் கிடைச்ச சட்டை ஏதோ ஒரு காலேஜ் சிம்போசியம் டி-ஷர்ட். முதுகுல ‘வாலண்டியர்’னு போட்டிருக்கு. நானும் வாலண்டியரா வெயில்ல நின்னவன்தான். தனியா நின்னு சிரிச்சேன்.

ஏன் சிரிப்பு வருது? பானையும் நமக்குத் தெரியும், டி-ஷர்ட்டும் தெரியும். சேரக் கூடாத ரெண்டும் சேர்ந்து ஒரு ஆளா நிக்குது. மூளை அதை ‘பானை’ன்னும் படிக்குது, ‘தலை’ன்னும் படிக்குது, எதுன்னு முடிவு பண்ண முடியாம திணறுது. அன்றாடப் பொருட்களை வச்சு சிற்பம் செய்ற பலரும் விளையாடுறது இந்தத் திணறலோடதான்.

1942-ல பிக்காசோ ஒரு பழைய சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து வச்சார். காளை மாட்டுத் தலை ரெடி. சீட், சீட்டாவும் தெரியணும், மாட்டு மூஞ்சியாவும் தெரியணும். சீட்டுன்னே தெரியாத மாதிரி மறைச்சிருந்தா விளையாட்டே போயிருக்கும்.

நம்ம நாட்டுல சுபோத் குப்தாவைப் பாருங்க. 1964-ல பீகார்ல பிறந்தவர். அவரோட மெட்டீரியல் எவர்சில்வர் பாத்திரம். நம்ம வீட்டுக் கல்யாணச் சீர்ல வர்ற அதே ஐட்டம். 2006-ல அதை வச்சு ராட்சச மண்டை ஓடு ஒண்ணு செஞ்சார். ‘வெரி ஹங்ரி காட்’னு பேர், அதாவது பெரும்பசி கொண்ட கடவுள். 2008-ல ‘லைன் ஆஃப் கன்ட்ரோல்’: அணுகுண்டு வெடிச்சா எழும்புற காளான் மேகம், சுமார் 26 டன், எல்லாம் பாத்திரம். முதல்ல சிரிப்பு வரும். அப்புறம்தான் உறைக்கும், இவ்வளவு பாத்திரத்துல ஒண்ணுலயும் சோறு இல்லைன்னு.

இப்போ என் கதை. போன செமஸ்டர் ஒர்க்‌ஷாப் ஸ்கிராப்ல ஒரு நாய் வெல்டு பண்ணேன். கண்ணுக்குப் பழைய பேரிங், வாலுக்கு ஸ்பிரிங். தட்டினா வாலை ஆட்டும். பார்த்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: “இதனால என்ன யூஸ்?” ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல ‘அப்ளிகேஷன்ஸ்’னு தலைப்பு போட்டு எழுதியே பழகின எனக்குப் பதில் வரல. நாயைத் திரும்ப ஸ்கிராப்லயே போட்டுட்டேன். இன்னும் உறுத்துது.

அதுக்கப்புறம்தான் நேக் சந்த் பத்திப் படிச்சேன். பிரிவினையில ஊரை இழந்து வந்தவர். சண்டிகர்ல பொதுப்பணித்துறை ரோடு இன்ஸ்பெக்டர். லெ கொர்பூசியே திட்டம் போட்ட அந்த நேர்கோட்டு நகரத்தைக் கட்டுறதுக்காகப் பல கிராமங்களை இடிச்சாங்க. அந்த இடிபாட்டுல கிடந்த உடைஞ்ச பீங்கான், வளையல் துண்டு, சைக்கிள் ஃபிரேம் எல்லாத்தையும் பொறுக்கி, கட்டடமே கட்டக் கூடாத அரசுக் காட்டுக்குள்ள கொண்டுபோய் வச்சார். வேலை முடிஞ்சு ராத்திரியில போய், சுமார் 18 வருஷம் ரகசியமா, வளையல் சேலை கட்டின பொம்பளைங்க, குரங்குங்கன்னு வரிசை வரிசையா செஞ்சார். மாட்டியிருந்தா வேலையும் போயிருக்கும், எல்லாத்தையும் இடிச்சும் இருப்பாங்க. 1970-கள்ல அதிகாரிங்க கண்டுபிடிச்சப்போ இடிக்கிற பேச்சும் வந்துச்சு. ஆனா பார்க்க வந்த ஜனங்களுக்கு அது பிடிச்சுப்போச்சு. 1976-ல ‘ராக் கார்டன்’ங்கிற பேர்ல திறந்தாங்க. அவருக்குச் சம்பளமும் 50 வேலையாட்களும் கொடுத்தாங்க. 1984-ல பத்மஸ்ரீ. பின்னால ஒரு தடவை புல்டோசர் வந்தப்போ ஊர் ஜனங்களே கைகோத்துக் குறுக்கே நின்னாங்க.

அந்த 18 வருஷத்துல “என்ன யூஸ்?”னு யாராவது கேட்டிருந்தா அவர்கிட்டயும் பதில் இருந்திருக்குமான்னு தெரியல. அவர் தூக்கிப் போடல, நான் போட்டுட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

போன வாரம் அந்தக் கொல்லைக்காரத் தாத்தாவைப் பார்த்தேன். “காக்காவை விரட்டப் பானையும் சட்டையும் போதுமே, மீசை எதுக்கு தாத்தா?”ன்னு கேட்டேன்.

“காக்காவுக்கா வரைஞ்சேன்? நாள் பூரா அத்த பாத்துக்கினு களை எடுக்கறது நான்தானே”ன்னார்.

திங்கட்கிழமை ஒர்க்‌ஷாப் ஸ்கிராப்ல தேடப் போறேன். நாய் இன்னும் அங்கதான் கிடக்கும்னு நினைக்கிறேன். யாராவது கூட வர்றீங்களா?