ஒரு வாஷர் குறைந்தால்

தெமட்டகொடைக்காரர்களுக்கு இயந்திரம் புதிதல்ல. இங்கே ரயில் எஞ்சின் ஷெட். கொஞ்சம் தள்ளிப் பஞ்சிகாவத்தையில் கடைகடையாக உதிரிப்பாகங்கள். வாகனத்தைக் கழற்றிப் பூட்டிய பிறகு தரையில் ஒரு வாஷர் மிஞ்சிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். “ஓடுதுதானே, விடுங்க” என்பார் கராஜ் பாஸ். விமானத்தில் அப்படி விட்டால் என்ன ஆகும்?

2007 ஆகஸ்ட் 20. தாய்வானிலிருந்து வந்த சைனா ஏர்லைன்ஸ் போயிங் 737-800 ஜப்பானின் நாஹாவில் பத்திரமாக இறங்கியது. ஓடுபாதையைக் கடந்து தரிப்பிடத்தில் நின்றதும் வலது இறக்கையிலிருந்து எரிபொருள் ஒழுகித் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 165 பேரும் தப்பினார்கள். விமானம் மிஞ்சவில்லை.

இறக்கையின் முன்விளிம்பில் மடல்கள் உண்டு. தரையிறங்கும்போது வெளியே நீளும், பிறகு உள்ளே இழுபடும். அவை அளவு மீறி நீளாமல் தடுப்பது ஒரு போல்ட்டும் நட்டும். அந்த நட்டு, அது நிற்கவேண்டிய துளையைவிடச் சிறியது! இடையில் வாஷர் இருந்தால்தான் நழுவாது. வாஷர் இல்லை. கழன்ற போல்ட் மடலின் கூட்டுக்குள் விழுந்தது. திரும்பி வந்த மடல் அதை நெருக்க, கூடு பொத்து எரிபொருள் தாங்கி ஓட்டையானது.

கொடுமை என்னவென்றால், சுமார் ஆறு வாரம் முன்பு அந்த நட்டு தளராமலிருக்கத்தான் அங்கே கைவைத்தார்கள். வாஷர் அப்போது விழுந்திருக்கலாம் என்றது விசாரணை. கண்ணுக்கு எட்டாத இடுக்கு அது. மெக்கானிக்கை மட்டும் திட்ட எனக்கு மனமில்லை. துளையைவிடச் சிறிய நட்டை வரைந்தவருக்கும் பங்குண்டு.

ஒரு விமானத்தின் அரைகுறை வேலை இன்னொன்றைக் கொல்வதும் உண்டு. 2000 ஜூலை 25 அன்று பாரிஸ் ஓடுபாதையில், சற்று முன் புறப்பட்ட டிசி-10 விமானத்திலிருந்து ஓர் உலோகப் பட்டை விழுந்து கிடந்தது. முறைப்படி பொருத்தாத பட்டை. பின்னால் வந்த கொன்கோர்டின் டயர் அதில் ஏறிக் கிழிந்தது; டயர்த் துண்டு தாங்கியைத் தாக்கியது. 113 பேர் இறந்தார்கள். 1991இல் ஜித்தாவில் 261 பேரைக் கொன்ற டிசி-8 விபத்திலோ எந்தப் பாகமும் குறையவில்லை. டயரில் காற்றுத்தான் குறைவு.

அதனால்தான் முக்கியமான வேலையை ஒருவர் முடித்தால் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திடுகிறார். கருவிகளையும் எண்ணுகிறார்கள், ஒரு ஸ்பேனர் குறைந்தாலும் தேடிக் கண்டபிறகே விமானத்தை விடுவார்கள். கட்டுநாயக்காவில் ‘தொழில்நுட்பக் காரணத்தால் தாமதம்’ என்று சொன்னால் சத்தம் போடாமல் ஒரு பிளேன்டீ குடியுங்கள்.